எழுபதாவது நிமிடத்துக்காரர்

கோல் கம்பத்துக்குப் பின்னால், விளம்பரப் பலகைகளை ஒட்டி ஒருவர் ஓடிக்கொண்டிருக்கிறார். மூலைக்கொடி வரை போகிறார், திரும்புகிறார். உடன் ஓடும் மாற்று ஆட்டக்காரர்கள் இருவரும் மீசை அரும்பும் பையன்கள். பேசிச் சிரித்தபடியே கால்களை உதறுகிறார்கள். இவர் பேசுவதில்லை. முதலில் கணுக்கால், அடுத்து முழங்கால், அடுத்து இடுப்பு என்று ஒவ்வொரு மூட்டையும் கேட்டுக் கேட்டுத் தயார் செய்கிறார். இடது தொடையின் பின்தசையை மட்டும் இன்னொரு முறை நீட்டிப் பார்க்கிறார். முன்பு அங்கே ஏதோ அறுந்திருக்க வேண்டும். முழங்காலில் தையல் தழும்பு. நெற்றி மேலேறிவிட்டது. முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயது இருக்கலாம்.

ஜோர்ஜ் டவுன் சிட்டி ஸ்டேடியம். மழை விட்டு அரை மணி ஆகியும் படிக்கட்டுகளில் ஈரம் போகவில்லை. நீலமும் மஞ்சளும் உடுத்திய கூட்டத்துக்குள் கச்சாங் பூத்தே விற்பவர் காகிதக் கூம்புகளோடு ஏறி இறங்குகிறார். பினாங்கு ஒன்றுக்கு இரண்டு என்று பின்தங்கியிருக்கிறது. எனக்கு இரண்டு படி கீழே ஒரு தாத்தாவும் பேரனும். பேரன் பந்தைப் பார்க்கிறான். நான் பந்தை விட்டுப் பலகையோரத்து மனிதரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இவரைப் போன்ற தாக்குதல் ஆட்டக்காரருக்குக் கணக்கு மிகக் கொடுமையானது. தற்காப்பு ஆட்டக்காரர் ஒரு பருவம் முழுவதும் கோலே அடிக்காமல் நல்ல பெயர் வாங்கலாம். இவருக்குப் பத்து ஆட்டம் கோல் இல்லையென்றால் அடுத்த ஆண்டு வேறு ஊர், வேறு ஜெர்சி, வேறு வாடகை வீடு, பிள்ளைக்கு வேறு பள்ளிக்கூடம். ஃபீபா விதிப்படி ஓர் ஒப்பந்தம் ஐந்து ஆண்டு வரை போகலாம். இந்த வட்டாரத்தில் இவரைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ ஆண்டுதான். ஒரே பருவத்தில் மூன்று கழகங்களில் பதிந்துகொள்ளலாம், அதிகாரபூர்வ ஆட்டங்களில் பொதுவாக இரண்டுக்குத்தான் ஆடலாம். ஊர் ஊராகப் போய் ஆடும் ஒருவரின் வாழ்க்கை எவ்வளவு வேகமாகக் கைமாறும் என்பதற்கு இந்த ஒரு விதியே போதும். உருகுவே நாட்டு செபாஸ்டியன் அப்ரேயு உலகக் கிண்ணம் ஆடிய பெரிய தாக்குதல் ஆட்டக்காரர். அவருக்கே முப்பதுக்கும் மேற்பட்ட கழகங்கள்.

பினாங்கு இப்படிப்பட்டவர்களை நன்றாக அறியும். 1990களின் தொடக்கத்தில் லுட்ஸ் ஃபனென்ஸ்டீல் என்ற ஜெர்மன் பையன் பாயர்ன் மியூனிக்கின் அமெச்சூர் ஒப்பந்தத்தை வேண்டாமென்று விட்டுவிட்டு இங்கே சம்பளத்துக்கு ஆட வந்தார். அவர் கோல் காவலர். உலகக் காற்பந்தின் ஆறு கண்டக் கூட்டமைப்புகளிலும் தொழில்முறையாக ஆடிய முதல் மனிதர் என்று பிற்பாடு பெயர் பெற்றவரின் அலைச்சல் இந்த ஊரில்தான் ஆரம்பமானது.

இதே திடலில் 2016 பிப்ரவரி 16, செவ்வாய்க்கிழமை. பாகாங்குக்கு எதிரான மலேசிய சூப்பர் லீக் ஆட்டம், பினாங்குக்கு 4-1 வெற்றி. அந்த நான்கில் ஒன்றை ஃபாயிஸ் சுப்ரி அடித்தார். 1987இல் கெடாவில் பிறந்து, கிழக்குக் கரை அணிகளுக்கு ஆடிவிட்டு இங்கே வந்தவர். அப்போது வயது 28. தொலைதூரத்திலிருந்து எடுத்த பிரீ கிக் அது. காலை விட்டுக் கிளம்பிய பந்து நடுவானில் மனம் மாறியது போலத் திசை திரும்பியது. கோல் காவலர் ஒரு பக்கம் அடி எடுத்து வைத்துவிட்டார், பந்து மறுபக்க மேல்மூலையில் இறங்கியது. சுழற்சி குறைந்த பந்தைக் காற்று இப்படி இழுத்து அலைக்கழிப்பதுண்டு. ஆனாலும் இவ்வளவு தூரம் விலகிய பந்தை இன்று காணொளியில் பார்த்தாலும் கண் நம்ப மறுக்கிறது.

அந்தக் கோலுக்கு, ஆண்டின் சிறந்த கோலுக்கான ஃபீபாவின் புஷ்காஷ் விருது கிடைத்தது, வாக்குகளில் 59.46 விழுக்காட்டுடன். அந்த விருதைப் பெற்ற முதல் ஆசியர் அவர். 2017 ஜனவரி 9, ஜூரிக் மேடையில் பிரேசிலின் ரொனால்டோ பெயரை அறிவித்தார். ஃபாயிஸ் மேடையேறி, கைத்தொலைபேசியில் எழுதி வைத்திருந்த உரையைத் தேடினார். சில நொடிகள் அது அகப்படவில்லை. கோலை விட எனக்கு நெருக்கமானவை அந்த நொடிகள். மேடைகளில் பழகியவருக்கு நன்றியுரை நாக்கு நுனியில் நிற்கும். இவர் பழகியதெல்லாம் பயிற்சித் திடலும் வெளியூர்ப் பேருந்தும்.

அதே 2017இல் பினாங்கு சூப்பர் லீக்கின் கடைசி இடத்தில் முடிந்து கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது.

அந்த 2016 அணியின் பயிற்றுநர் ஜாக்சன் தியாகோவும் ஊர் மாறி ஆடிய தாக்குதல் ஆட்டக்காரர்தான். ரியோ டி ஜெனிரோவில் பிறந்து, இந்தோனேசியாவுக்கு வந்து, பெர்செபாயாவை 1996-97 பருவத்தில் சாம்பியனாக்கியவர். தான் ஆடிய இடத்தில் ஆடுகிறவரை எப்படிப் பார்ப்பது என்று அப்படிப்பட்டவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பந்து இல்லாதபோது அந்த ஆட்டக்காரர் எங்கே நிற்கிறார் என்றுதான் முதலில் கண் போகும்.

எழுபதாவது நிமிடம். நான்காம் நடுவர் பலகையைத் தூக்குகிறார். பலகையோரத்து மனிதர் காலுறையை இழுத்துவிட்டு, புல்லைத் தொட்டு நெற்றியில் வைத்து உள்ளே ஓடுகிறார். கைதட்டல் சுமார்தான்.

முதல் பத்து நிமிடத்தில் பந்து அவரிடம் மூன்று தடவை வருகிறது. ஒன்றைப் பறிகொடுக்கிறார். மற்ற நேரமெல்லாம் ஓட்டம். கிட்டக் கம்பத்தை நோக்கி ஓடுவார், பந்து வராது, திரும்பி நடப்பார். மறுபடி ஓடுவார். எதிரணியின் நடுத் தற்காப்பாளர் ஒவ்வொரு முறையும் கூடவே ஓடித்தான் ஆக வேண்டும். எண்பதைத் தாண்டியதும் அந்தத் தற்காப்பாளர் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்குவது இங்கிருந்தே தெரிகிறது.

வலது ஓரத்திலிருந்து பந்து தாழ்வாக வருகிறது. இவர் வழக்கம்போலக் கிட்டக் கம்பத்துக்குப் பாய்கிறார். இரண்டு பேர் இவரோடு இழுபட்டுப் போகிறார்கள். இவர் காலை நீட்டாமல் பந்தைத் தாண்டவிடுகிறார். பின்னால் தனியாக நின்ற இருபது வயதுப் பையன் தட்டிவிடுகிறான். கோல்.

ஒலிபெருக்கி பையனின் பெயரை முழங்குகிறது. “தாத்தா, அந்தப் பெரியவர் ஏன் அடிக்கல?” என்று பேரன் கேட்கிறான்.

“அடிச்சிருந்தா கோல்கீப்பர் மேலதான் பட்டிருக்கும்டா. அந்த ரெண்டு பேர எங்க கூட்டிட்டுப் போனாரு பார்த்தியா?”

பையனை எல்லாரும் மூலைக்கொடியருகே கட்டிப்பிடித்துக் கிடக்கிறார்கள். அவர் அங்கே போகவில்லை. வலைக்குள் குனிந்து பந்தை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, நடுவட்டத்தை நோக்கி ஓடிக்கொண்டே “சப்பாட், சப்பாட்!” என்று பையன்களை விரட்டுகிறார். தாத்தாவும் எழுந்து நின்றுவிட்டார். “வாங்கடா சீக்கிரம், இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு!”