அப்பாவின் வன்தட்டு

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ல் நின்றது. அந்த வாரச் சனிக்கிழமை, ஸ்காபரோவில் அம்மா வீட்டு பேஸ்மென்ட்டில் அப்பாவின் கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். பருத்தித்துறையில் இருக்கும் பெரியம்மாவோடு அம்மா கதைப்பது அதில்தான். விண்டோஸ் 10 போட அரை மணித்தியாலம் போதும் என்று சொல்லியிருந்தேன். கணினியியலில் முதுமாணிப் பட்டம் வாங்கியவன். நிறுவனங்களின் சேர்வர்களை மாற்றிக் கொடுப்பது என் தொழில்.

யூஎஸ்பியைச் செருகி, மொழியைத் தெரிவுசெய்து, வன்தட்டைக் காட்டினேன். நிறுவ முடியாது என்றது திரை. இந்த வன்தட்டில் இருப்பது எம்பிஆர் அட்டவணை. யுஇஎஃப்ஐ முறையில் தொடங்கிய கணினிக்கு ஜிபிடி அட்டவணைதான் வேண்டுமாம்.

ஒவ்வொரு வன்தட்டின் தொடக்கத்திலும் ஓர் அட்டவணை இருக்கும். எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று அது சொல்லும். எம்பிஆர் 1983-ல் வந்த முறை. நான்கு முதன்மைப் பகுதிகளுக்குத்தான் அதில் இடமுண்டு. வழக்கமான வன்தட்டில் 2 டெராபைட்டுக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. ஜிபிடி பிறகு வந்தது. விண்டோஸில் அது 128 பகுதிகள் வரை தாங்கும்.

இதற்கு என் விரல்களுக்குப் பழகிய வழி ஒன்று உண்டு. கறுப்புத் திரையைத் திறந்து டிஸ்க்பார்ட்டை அழைத்து, வன்தட்டைத் தெரிவுசெய்து, 'கிளீன்' என்று தட்டினேன். எண்டரை அழுத்துவதுதான் மிச்சம். அந்தக் கட்டளை 'நிச்சயமாகவா?' என்று திருப்பிக் கேட்காது. அட்டவணையை அந்தக் கணமே அழித்துவிடும்.

அம்மா தேத்தண்ணியோடு படியிறங்கி வந்தா.

"தம்பி, அப்பான்ர எழுத்தெல்லாம் உதுக்குள்ளதானே கிடக்கு?"

கையை எடுத்தேன். எந்த வாடிக்கையாளரிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி, பிரதி எங்கே என்பதுதான். 2017-ல் அப்பா போகும்வரை அவரிடம் அதை நான் கேட்டதேயில்லை. என்ன எழுதுகிறீர்கள் என்றும் கேட்டதில்லை.

யூஎஸ்பியைக் கழற்றினேன். பழைய விண்டோஸ் ஒன்றும் நடவாததுபோல் எழும்பியது. அப்பாவின் கோப்புறையை வேறொரு வட்டில் பிரதி எடுத்த பிறகுதான் அந்தப் பிழைச் செய்தியை நிதானமாக யோசித்தேன். கணினி 2012-ல் வாங்கியது. அதற்குப் பழைய பயோஸ் முறையும் தெரியும், புதிய யுஇஎஃப்ஐ முறையும் தெரியும். தொடக்கப் பட்டியலில் என் யூஎஸ்பி இரண்டு தரம் இருந்தது: ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ என்ற எழுத்து, மற்றதில் அது இல்லை. நான் கவனிக்காமல் முதலாவதை எடுத்திருக்கிறேன். இரண்டாவதை எடுத்தேன். அதே வன்தட்டு, அதே அட்டவணை, மறுப்பே வரவில்லை. வன்தட்டில் ஒரு பிழையும் இருக்கவில்லை. நான் நுழைந்த வாசல்தான் வேறு.

மாலையில் கோப்புகளைத் திறந்தேன். ஆங்கில எழுத்துகளும் குறிகளும் நிரம்பிக் கிடந்தன. அம்மா பயந்துபோனா. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா பாமினியில் தட்டச்சு செய்தவர். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல்கூட நான்கு ஆங்கில எழுத்தும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். பாமினியைத் தேடிப் போட்டதும் தமிழ் வந்தது.

எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று, கோயிலடியிலிருந்து தொடங்கி வரிசையாக எழுதியிருந்தார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டு வாசித்தா. மூன்றாவது வீட்டில் நின்றுவிட்டா.

"உது பிழை. அது எங்கட பெரியப்பான்ர வீடு. மாத்து தம்பி."

இன்னுமொரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, மாற்றினேன்.