ஜார்ஜ் மார்ட்டினும் என் ரூம்மேட் பாட்டும்

நம்மூர்ல புரொட்யூசர்னு சொன்னா பெட்டி நெறைய பணத்தோட வர்றவர்தான் ஞாபகத்துக்கு வருவார். மியூசிக் புரொட்யூசர் வேற ஆளு. பாடறவன் மனசுல இருக்கற பாட்டை ரெக்கார்டுல கொண்டு வர வேண்டிய பொறுப்பு அவரோடது. எந்த டேக் சரி, வேகம் என்ன, எந்த வாத்தியம் வேணும், முக்கியமா எது வேணாம், எல்லாம் அவர் காதை நம்பித்தான்.

நானும் ஒரு தடவை புரொட்யூசரா இருந்திருக்கேன். சிரிக்காதீங்க :-) காலேஜ் மூணாவது வருஷம், ஹாஸ்டல் ரூம்மேட் ஒருத்தன் அவங்கப்பா இறந்தப்புறம் ஒரு பாட்டு எழுதினான். கிடாரும் குரலும் மட்டும். மொபைல்ல பதிஞ்சு குடுத்து, "மச்சான், இதைக் கொஞ்சம் சரி பண்ணித் தாடா"ன்னான். நமக்குத்தான் எஃப்எல் ஸ்டுடியோ தெரியுமே! மூணு ராத்திரி தூங்காம ட்ரம்ஸ், வயலின் கூட்டம், கோரஸ், குரலுக்கு ரிவெர்ப்னு அள்ளிக் கொட்டினேன். நடுவுல ஒரு இடத்துல அவன் குரல் லேசா உடையும். அதையும் பிட்ச் கரெக்‌ஷன் போட்டு நேராக்கிட்டேன். கேட்டுட்டு "சூப்பரா இருக்குடா"ன்னான். அதுக்கப்புறம் அந்தப் பாட்டை அவன் யாருக்கும் போட்டுக் காட்டினதே இல்ல. என்கிட்ட வேற பாட்டும் குடுக்கல.

என்ன பண்ணினேன்னு ரொம்ப நாள் கழிச்சு, பீட்டில்ஸோட புரொட்யூசர் ஜார்ஜ் மார்ட்டினைப் பத்திப் படிச்சப்பதான் உறைச்சுது. மனுஷன் இசை முறையாப் படிச்சவர், ஓபோ வாசிச்சவர். பீட்டில்ஸ் பசங்களுக்கோ நொட்டேஷன் எழுதப் படிக்கத் தெரியாது. 1962ல அவங்க வந்து வாசிச்சப்ப பாட்டைவிட ஆட்களைத்தான் இவருக்குப் பிடிச்சுதாம். 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' முதல்ல இழுவையான மெதுப்பாட்டு. வேகத்தைக் கூட்டுங்கன்னார், அவ்ளோதான். 1963ல அது ஹிட். (ஆனா இவர் ஈஎம்ஐயில மாசச் சம்பளக்காரர், ராயல்டி கிடையாது. நம்ம அப்ரைசல் கதையெல்லாம் அப்பவே இருந்திருக்கு!)

எனக்கு ரொம்பப் பிடிச்சது 1965ல வந்த 'யெஸ்டர்டே'. பால் மெக்கார்ட்னி தனியா கிடாரோட பாடறார். ட்ரம்ஸ் ஒத்து வராது, ஸ்ட்ரிங் குவார்ட்டெட் வெச்சுப் பார்க்கலாம்னு மார்ட்டின் சொல்றார். பாட்டு ஜவ்வு மிட்டாய் மாதிரி ஆயிடுமோன்னு பாலுக்கு பயம். இவர் வற்புறுத்தல. பாலைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு எழுதறார். ரெண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. நாலே நாலு. அதுலயும் வைப்ரேட்டோ அதிகம் வேணாம்னு பால் சொன்னா, காது குடுத்துக் கேக்கறார். கைவசம் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவை வெச்சு எழுதத் தெரிஞ்சவர்ங்க அவர்!

அதுக்காக சும்மா உக்காந்திருந்தவர்னு நெனச்சுடாதீங்க. 1966 கடைசியில 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பதியறப்ப ஜான் லென்னனுக்கு ஒரு டேக்கோட ஆரம்பமும் இன்னொண்ணோட மிச்சமும் பிடிச்சுப் போச்சு. ரெண்டையும் ஒட்டிடுங்கன்னார். ரெண்டும் வேற வேகம், வேற ஸ்ருதி. எங்க ஆபீஸ்ல கிளையண்ட் இப்படிக் கேட்டா 'நாட் ஃபீசிபிள்'னு மெயில் போட்டிருப்போம். மார்ட்டினும் இன்ஜினியர் ஜெஃப் எமரிக்கும் டேப் வேகத்தை ஒண்ணுல கூட்டி ஒண்ணுல குறைச்சு, ஒரு நிமிஷத்துகிட்ட வெட்டி ஒட்டினாங்க. சொல்லாட்டி ஒட்டு தெரியாது. 1967ல ஜார்ஜ் ஹாரிசனோட 'விதின் யூ வித்தவுட் யூ'வுக்கு, தில்ரூபாவோட வழுக்கல்களை வெஸ்டர்ன் வயலின்காரங்க வாசிக்கற மாதிரி எழுதிக் குடுத்தவரும் இவர்தான். நம்ம கமகத்தை அந்த ஊர் நொட்டேஷன்ல அடக்கறது லேசுப்பட்ட வேலையா என்ன?

இவ்வளவு வித்தை தெரிஞ்சும் நாலு பேரோட நிறுத்தத் தெரிஞ்சிருக்கு பாருங்க. எனக்குத் தெரிஞ்சதே அரைகுறை, அத்தனையையும் ஒரே பாட்டுல கொட்டியிருக்கேன். அவன் அப்பாவைப் பத்திப் பாடினான். நான் எனக்கு என்னென்ன பட்டன் தெரியும்னு காட்டியிருக்கேன்.

நேத்து பழைய ஹார்ட் டிஸ்க்ல அந்த மொபைல் ரெக்கார்டிங்கைத் தேடிப் பிடிச்சேன். ஹாஸ்டல் ஃபேன் சத்தம்கூட கேக்குது. குரல் உடையற இடத்தை ரெண்டு தடவை கேட்டேன். எதையும் தொடாம அப்படியே வாட்ஸப்ல அவனுக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்திருக்கு. பதில் இன்னும் வரல.