தராசு இல்லாத அரங்கு

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் காலை, பாரிஸ் நகரில் ஒரு தராசு இந்தியாவையே திகைக்க வைத்தது. மகளிர் மல்யுத்தத்தில் 50 கிலோ பிரிவின் இறுதிச்சுற்றை எட்டியிருந்த வினேஷ் போகாட்டின் எடை 100 கிராம் கூடுதலாக இருந்தது. அவரால் களமிறங்க இயலாமற் போயிற்று. இரண்டு நாள் கழித்து, அதே நகரின் கன்கார்டு சதுக்கத்தில், ஒலிம்பிக் வரலாற்றில் முதன்முறையாகப் பிரேக் நடனப் போட்டி நடைபெற்றது. அங்கே தராசு இல்லை. எடைப் பிரிவுகளும் இல்லை. நெடியவரும் குறியவரும், மெலிந்தவரும் தோள் திரண்டவரும் ஒரே தரையில் ஆடினர். மகளிர் பிரிவில் வெள்ளிப் பதக்கம் பெற்ற லிதுவேனிய நாட்டு நிக்காவுக்கு அப்போது வயது 17.

தராசு இல்லை என்பதனால் அவ்வரங்கில் எடைக்கு வேலையில்லை என்று கருதிவிடலாகாது. தராசின் பணியை அங்கே மணிக்கட்டு செய்கிறது.

1970களில் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், வறுமையின் நடுவே வாழ்ந்த கறுப்பின இளைஞர்களும் புவேர்ட்டோ ரிக்கோ வழிவந்த இளைஞர்களும் வளர்த்தெடுத்த கலை இது. இக்கலையில் காண்போரை மலைக்க வைப்பவை, ‘பவர் மூவ்ஸ்’ எனப்படும் சுழல் அசைவுகள். தோளும் முதுகும் தரையில் உருள, விரிந்த கால்கள் காற்றாலையின் இறக்கைகளைப் போல் சுழல்வது ‘விண்ட்மில்’. முதுகால் சுழன்றபோது வேகம் எல்லை மீறி உடல் தானாக உருண்டுவிட, தற்செயலாகவே இவ்வசைவு பிறந்தது என்பர். அவ்வாறு உருண்டவர் ‘கிரேசி லெக்ஸ்’ என்னும் பெயரால் அறியப்பட்ட ரிச்சர்டு கொலோன். உடலின் பெரும்பகுதியைத் தரையே தாங்கிக்கொள்வதால், பருத்த உடலினர்க்கும் இது பயிற்சியால் கைகூடும்.

‘ஃபிளேர்’ அத்தகையதன்று. இது ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து வந்தது. அமெரிக்க வீரர் கர்ட் தாமஸ் 1970களில் புகழ்பெறச் செய்த அசைவு. இதில் கைகள் மட்டுமே தரையில் ஊன்றியிருக்கும். அகல விரிந்த கால்கள் உடலைச் சுற்றி வட்டமிடும்போது, கைகள் ஒன்று மாற்றி ஒன்று எழுந்து வழிவிட வேண்டும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் சில கணங்கள் முழு உடலும் ஒற்றைக் கையின்மேல் நிற்கிறது. நேற்று உண்ட விருந்தையும் அக்கை உணரும்.

இங்கேதான் உடற்கட்டு குறுக்கிடுகிறது. உருவம் பெருகும் அளவுக்கு வலிமை பெருகுவதில்லை என்பதைக் கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலிலேயே விளக்கியுள்ளார். 150 செ.மீ. உயரமும் 50 கிலோ எடையும் உடைய ஒருவர், உருவம் மாறாமல் எல்லாத் திசையிலும் பத்து விழுக்காடு பெரிதாகிறார் என்று கொள்வோம். உயரம் 165 செ.மீ. ஆகும். தசையின் வலிமை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்ததாகையால் 21 விழுக்காடு கூடும். எடையோ 33 விழுக்காடு கூடி, ஏறத்தாழ 66.5 கிலோவாகிவிடும். குறியவர் தம் உடலை எளிதாகத் தூக்குவதன் மறைபொருள் இதுவே.

ஆயினும் கணக்கு அத்துடன் முடிவதில்லை. சுழலும் பொருளின் எடை, நடுவிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறதோ அவ்வளவுக்கு அதனைச் சுழற்றுவது கடினம், நிறுத்துவதும் கடினம். இயற்பியல் பாடத்தில் நிலைமத் திருப்புத்திறன் என்று பயில்வது இதைத்தான். நெடிய கால்களை இயக்கத் தொடங்குவது பெரும்பாடு. ஆனால் சுழலத் தொடங்கிவிட்டால் அவை எளிதில் ஓய்வதில்லை. அவற்றின் வட்டமும் பெரிது, அழகும் பெரிது. நீண்ட கைகளும் இடுப்பைத் தரையிலிருந்து உயர்த்தித் தந்து உதவும். குள்ளப் பம்பரமும் பெரிய பம்பரமும் ஒரே சாட்டைக்கு ஒரே விதமாய் ஆடுவதில்லையே!

பதின்பருவத்தினருக்கு இக்கணக்கு வேறொரு வடிவில் வந்து சேர்கிறது. பதின்மூன்று வயதில் துள்ளித் துள்ளிச் சுழன்ற சிறுவன், பதினாறு வயதில் திடீரென உயர்ந்துவிடுகிறான். கால்கள் நீண்டுவிட்டன, மூளையோ பழைய கால்களின் அளவை வைத்தே இன்னும் கணக்கிடுகிறது. முன்பு தரையில் படாத குதிகால் இப்போது படுகிறது. கைவந்த கலை கைவிட்டுப் போய்விட்டதாக அவன் கலங்குகிறான். பழி உடலின்மேல் விழுகிறது. உணவைக் குறைத்தால் பழைய சுழற்சி மீளும் என்று யாரேனும் சொன்னால், அதையும் நம்பிவிடுகிறான்.

பட்டினி கிடந்து இழக்கும் எடையில் கொழுப்பு மட்டும் கரைவதில்லை. தூக்க வேண்டிய தசையும் கரைகிறது. செலவிடும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாத விளையாட்டு வீரர்களுக்கு எலும்பு நலிவு, இயக்குநீர்க் குறைபாடு, பெண்களுக்கு மாதவிடாய் தடைப்படுதல் ஆகியன நேரும் என்று பன்னாட்டு ஒலிம்பிக் குழுவே 2014இல் எச்சரித்தது. வளரும் எலும்பைப் பட்டினி போட்டு அதே எலும்பின்மேல் தலைகீழாக நிற்பது, தூணை அரித்துவிட்டு மாடி கட்டுவதைப் போன்றது. அச்சிறுவனுக்கு வேண்டியவை வயிறார உணவும், தோளுக்கும் இடுப்புக்கும் பயிற்சியும், புதிய கால்களோடு பழகச் சில மாதங்களுமே.

பாரிஸ் நடுவர்கள் பயன்படுத்திய அளவுகோல்கள் ஐந்து: நுட்பம், அசைவு வளம், செய்நேர்த்தி, இசையியைபு, தனித்தன்மை. ஒவ்வொன்றுக்கும் 20 விழுக்காடு. உடற்கட்டுக்கென்று ஒரு மதிப்பெண்ணும் இல்லை.

கின்ஷாசாவில் பிறந்து பிரான்சில் வளர்ந்த ஜூனியர் என்னும் கலைஞரைக் குழந்தைப் பருவத்தில் போலியோ தாக்கியது. ஒரு கால் மெலிந்து போயிற்று. அவர் தம் ஆட்டத்தைக் கைகளிலே கட்டியெழுப்பினார். தலைகீழாக நின்று கைகளாலேயே துள்ளுவது அவரது அடையாளமாயிற்று. கனடாவைச் சேர்ந்த லூக்கா படுவெல்லியின் கதையும் இதனை ஒத்தது. மூட்டுகள் விறைத்துப்போகும் குறையுடன் பிறந்தவர் அவர். ‘லேசிலெக்ஸ்’, அதாவது சோம்பேறிக் கால்கள், என்னும் பெயரால் அறியப்படுகிறார். மாற்றுத்திறன் நடனக் கலைஞர்களைக் கொண்ட ‘இல்-அபிலிட்டீஸ்’ குழுவை 2007இல் தொடங்கினார். நடப்பதற்கென வாங்கிய ஊன்றுகோல்களை அவர் அரங்கின் ஓரத்தில் விட்டுவிட்டு வருவதில்லை. அவற்றைத் தரையில் ஊன்றி, உடலை உயரே வீசிச் சுழல்கிறார்.