ஆமைநடைக்கு ஆள் அனுப்புவது எப்படி

அடையாறில் எங்கள் அலுவலகம். அங்கே சுற்றுச்சூழல் குழுவைக் கவனிப்பது என் கூடுதல் பொறுப்பு. பேப்பர் கப்பை நிறுத்துவது, ஏ.சி.யைக் குறைத்து வைப்பது போன்றவற்றை அலுவலக நேரத்திலேயே முடித்துவிடலாம். காட்டுயிருக்கு உதவும் வேலை அப்படியல்ல. காட்டுயிர் வரும் நேரத்துக்கு நாம் போய் நிற்க வேண்டும். பெசன்ட் நகர் கரையில் பங்குனி ஆமைகள் என்னும் கடலாமைகள் முட்டையிட ஏறுவது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை, அதுவும் இரவில்.

1970களிலேயே ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் சென்னைக் கரையில் ஆமைகளைத் தேடி நடந்தார்கள். 1988 முதல் எஸ்.எஸ்.டி.சி.என். என்ற மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு சீசன்தோறும் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நடந்துவருகிறது. இந்த ஆமைநடையில் நடப்பவர்கள் அனைவரும் தன்னார்வலர்கள்.

நடையில் கண்கள் தேடுவது தடத்தை. ஏறிய தடமும் இறங்கிய தடமும் சேரும் இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். அங்கே குச்சியை மெல்ல இறக்கிப் பார்க்க வேண்டும். சுற்றிலும் மணல் இறுக்கிப் பிடிக்கும். ஓரிடத்தில் மட்டும் குச்சி தடையில்லாமல் இறங்கும். அதுதான் குழியின் கழுத்து. அதற்குப் பிறகு கைதான் தோண்டும். ஒன்றரை அடி ஆழத்துக்குள், குடுவை போன்ற குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். முட்டையிட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்கிறது; அதன்பின் புரட்டினால் செத்துவிடும். ஆகவே அன்றிரவே பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், அதே ஆழத்தில், அதே வடிவில் குழி எடுத்து வைக்கிறார்கள். கரையிலேயே விட்டால் நாய்கள் தோண்டிவிடும். தப்பிப் பொரித்த குஞ்சுகளும் தெருவிளக்கைக் கடல் வெளிச்சம் என்று நம்பி ரோட்டுப் பக்கம் போய்விடும்.

கடலாமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர். பயிற்சியும் அனுமதியும் இல்லாதவர் முட்டையைத் தொடக்கூடாது. ஓர் அலுவலகம் ஒரு பஸ் நிறைய ஆட்களைச் சனிக்கிழமை இரவில் கரையில் இறக்கினால், பேச்சும் செல்போன் டார்ச்சும் ஏறிவரும் ஆமையைக் கடலுக்கே திருப்பிவிடும். புதியவர்கள் ஒருமுறை வந்து பார்ப்பது நல்லதுதான், ஆனால் அதை வேலை என்று கணக்கெழுதக் கூடாது.

தினமும் நடப்பதால் இன்னொரு பலனும் உண்டு. கரை ஒதுங்கும் செத்த ஆமைகளையும் நடப்பவர்கள் குறித்து வைக்கிறார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். கரையோரத்தில் விசைப்படகுகள் இழுவலை போடுவதைத் தடுக்கும்படி அரசிடம் கேட்க, இந்தக் குறிப்புகள்தான் ஆதாரம்.

மனிதவளத் துறையில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது: நாற்பது பேரை ஓரிரவுக்கு அனுப்பாதீர்கள். விருப்பமுள்ள நான்கு பேரைச் சீசன் முழுக்க அனுப்புங்கள். மறுநாள் அவர்கள் தாமதமாக வர அனுமதி கொடுங்கள். கடலோரத்தில் கட்டடம் இருந்தால், குஞ்சுகள் பொரித்து முடியும் மே வரை கடல் பார்த்த விளக்குகளை இரவில் அணைத்து வையுங்கள்.