நத்தை என்ன துப்புரவுத் தொழிலாளியா?

கோல்ட் ஃபிஷ் வாங்கப் போனால் மீன் கடையில் ஒரு அறிவுரை இலவசமாகக் கிடைக்கும். "ரெண்டு நத்தையும் எடுத்துக்கோங்க தம்பி, தொட்டியை அதுவே க்ளீன் பண்ணிக்கும்." பக்கெட் தூக்குற வேலை மிச்சம் என்று நாமும் தலையாட்டி விடுவோம்.

நத்தை சுத்தம் செய்யாதா? கொஞ்சம் செய்யும். கண்ணாடியில் படியும் பாசி, மிஞ்சிய தீனி, அழுகிய இலை எல்லாவற்றையும் தின்னும். ஆனால் மீனின் கழிவைத் தின்னாது. தின்றதற்குத் தன் பங்குக் கழிவையும் போடும்!

உண்மையான எதிரி கண்ணுக்குத் தெரியாத அம்மோனியா. கோல்ட் ஃபிஷ்ஷுக்கு இரைப்பையே கிடையாது. அதனால் எந்நேரமும் தின்றுகொண்டே, கழித்துக்கொண்டே இருக்கும். ஃபில்டரில் வளரும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட்டை வெளியேற்ற வாராவாரம் கால் பங்கு தண்ணீரை நாம்தான் மாற்ற வேண்டும். இதில் நத்தைக்கு ஒரு வேலையும் இல்லை.

சரி, இரண்டும் ஒரே தொட்டியில் இருக்க முடியுமா? முடியும், ஆனால் அளவு முக்கியம். கோல்ட் ஃபிஷ் கெண்டை குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் தொண்டைக்குள் பற்கள் உண்டு. சின்ன நத்தையை ஓட்டோடு நொறுக்கித் தின்றுவிடும். தானாகப் பெருகும் குட்டி நத்தைகளின் தொல்லை இருப்பவர்களுக்கு இது வசதிதான் :)

கடைகளில் மிஸ்டரி ஸ்நெயில் என்ற பெயரில் மஞ்சள், நீல நிறங்களில் விற்கும் பெரிய நத்தையை மீனால் விழுங்க முடியாது. ஆனால் அதன் நீண்ட உணர்கொம்புகளைப் புழு என்று நினைத்துக் கடிக்கும். கொம்பு திரும்ப வளர்ந்துவிடும். தினமும் கடி வாங்கினால்தான் சிக்கல். நத்தை ஓட்டுக்குள்ளேயே முடங்கிப் பட்டினி கிடக்கும். அப்படி நடந்தால் தனித் தொட்டிதான் வழி.

அடுத்தது ஓடு. அது கால்சியத்தால் ஆனது. ஆர்.ஓ. தண்ணீரில் கால்சியம் மிகக் குறைவு, அதில் வளரும் நத்தையின் ஓடு அரிக்கும். நாம் திட்டுகிற உப்புப் படியும் போர் தண்ணீர்தான் நத்தைக்கு நல்லது. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு தருவார்கள். ஒரு துண்டைத் தொட்டியில் போட்டு வைக்கலாம். வேகவைத்த கீரை, வெள்ளரித் துண்டு கொடுக்கலாம். மீன் முந்திக்கொள்ளும் என்பதால் இரவில் விளக்கணைத்த பிறகு போடுங்கள்.

மிஸ்டரி ஸ்நெயிலுக்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. குழாய் போல ஒன்றை மேலே நீட்டிக் காற்றை இழுக்கும். அதனால் தொட்டியை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். மூடியும் அவசியம், இல்லையென்றால் ஏறி வெளியே போய்விடும். முட்டைக் கொத்தையும் தண்ணீருக்கு மேலேதான் ஒட்டும். குட்டிகள் வேண்டாம் என்றால் சுரண்டி எடுத்துவிடலாம்.

மிக முக்கியமான ஒன்று. மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் ஊற்றும் மருந்துகள் சிலவற்றில் செம்பு இருக்கும். அது மீனைக் காப்பாற்றும், நத்தையைக் கொன்றுவிடும். உப்பும் நத்தைக்கு ஆகாது. மருந்து ஊற்றுவதற்கு முன் நத்தையை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கிய ஜீவன்தானே என்று அதை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. செத்த பிறகு அது அழுகி அம்மோனியா ஏறும்போதுதான் ஞாபகம் வருகிறது.

அலுத்துப் போனால் ஏரியில் விடலாமா? கூடவே கூடாது. இது தென்னமெரிக்க நத்தை. இதன் நெருங்கிய சொந்தமான தங்க ஆப்பிள் நத்தையை 1980 வாக்கில் உணவுக்காகத் தைவானுக்குக் கொண்டுவந்தார்கள். அது பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று பரவி நெல் நாற்றுகளைத் தின்று தீர்த்தது. நம் வயல்களில் வேறொரு ஆப்பிள் நத்தை காலங்காலமாக இருக்கிறது. நத்தை குத்தி நாரைக்கு அதுதான் முக்கிய உணவு. அந்த இடத்துக்கு வெளியூர்க்காரனை அனுப்ப வேண்டாமே.

ஆக, வேலைக்கு ஆள் தேடி நத்தை வாங்காதீர்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, சின்ன வாயைத் திறந்து மூடி, அவசரமே இல்லாமல் நகரும் அந்த அழகுக்காக வாங்குங்கள். பக்கெட்டை நாமே தூக்கிக்கொள்ளலாம்.