அம்மச்சி வீட்டு டிஷ்

போன ஆடியில் அம்மச்சியைப் பார்க்கப் பொள்ளாச்சிப் பக்கம் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழட்டும்போதே வீடு வித்தியாசமாக இருந்தது. டிவி சத்தம் இல்லை.

"நாலு நாளா 'நோ சிக்னல்'னே வருது கண்ணு. நீ படிக்கிற புள்ள, உன்னையக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு உட்டுட்டேன்."

தனியா இருக்கிற வீடு. நாலு நாள் பேச்சுக்குரலே இல்லாமல் இருந்திருக்காங்க.

நான் ஈசிஇ மூணாம் வருஷம். மொட்டை மாடிக்கு ஏறினேன். பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற ஆடிக்காத்து டிஷ்ஷை லேசாத் திருப்பியிருந்தது. லேசாத்தான். ஆனா 60 செ.மீ. டிஷ்ஷுக்கு 12 கிகாஹெர்ட்ஸில் பீம் அகலமே சுமார் 3 டிகிரி. அதைத் தாண்டினா அவ்வளவுதான்.

அந்த டிஷ் பார்க்க வேண்டியது பூமத்திய ரேகைக்கு மேலே, 35,786 கி.மீ. உயரத்தில், 83 டிகிரி கிழக்கில். ஜிசாட்-24 நிற்கிற இடம். 4,180 கிலோ எடை. டிடிஎச்சுக்காகவே இஸ்ரோ செய்தது. 2022 ஜூன் 23 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியன்-5 ஏற்றிப் போனது. பொள்ளாச்சிக்குக் கணக்குப் போட்டேன்: தெற்கிலிருந்து 30 டிகிரி கிழக்கே, 75 டிகிரி உயரம்.

போன் காம்பஸை வைத்து டிஷ்ஷை 75 டிகிரிக்கு நிமிர்த்தினேன். ஒண்ணும் வரலை. அரை மணி நேரம் போராட்டம்.

கீழேயிருந்து அம்மச்சி, "முன்னாடி அது இத்தனை அண்ணாந்து பாக்கலையே கண்ணு!"

அப்போதான் உறைத்தது. அது ஆஃப்செட் டிஷ். அதன் முகம் பார்க்கிற திசையை விட 20, 25 டிகிரி மேலேயிருந்துதான் சிக்னலை வாங்கும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருந்தேன். தினமும் பக்கத்தில் துணி காயப்போட்ட அம்மச்சிக்கு மாடியிலேயே தெரிந்திருந்தது. இறக்கினேன். "வந்துருச்சு, வந்துருச்சு!"

டீ குடிக்கும்போது கேட்டாங்க: "இது நம்ம கோதவாடிக்காரர் உட்டதா?"

"மயில்சாமி அண்ணாதுரைங்களா? அவர் இன்சாட், சந்திரயான்-1 எல்லாம் பார்த்தவருங்க. இது அப்புறம் வந்தது."

"அவிக பேசறது எனக்குக் கேக்குது. நான் பேசறது அவிகளுக்குக் கேக்குமா?"

"இல்லீங்க அம்மச்சி. இந்த டிஷ் வாங்க மட்டும்தான் செய்யும், அனுப்பாது." 2018 டிசம்பரில் போன ஜிசாட்-11 பற்றிச் சொன்னேன். 5,854 கிலோ, பிராட்பேண்டுக்கானது. அதற்கு வைக்கிற டிஷ் அனுப்பவும் செய்யும். "என்ன, நாம கேட்டுப் பதில் வர அரை செகண்ட் ஆகும். அவ்வளவு தூரம் போய்ட்டு வரணுமே."

"அரை செகண்டா? உன்ற போனு அதைவிட லேட்டாத்தான் வருது."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்கு டீ இறங்கலை.

இப்போ தினமும் சீரியல் இடைவேளையில் நானே கூப்பிடறேன். டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்றதில்லை. பின்னால் அது கேட்டால், டிஷ் அசையலைன்னு அர்த்தம்.