ஹோர்ட்டன் சமவெளிக்கு ஒரு காற்று மெத்தை

முகாம் என்ற சொல் எமது தலைமுறையினருக்கு இரண்டு அர்த்தங்களில் மட்டுமே அறிமுகமானது. ஒன்று இராணுவ முகாம். மற்றையது அகதி முகாம். பத்திரிகைத் துறையில் நான் கழித்த நாற்பது ஆண்டுகளில் இச்சொல்லை எத்தனை ஆயிரம் தடவை தலைப்பில் இட்டிருப்பேனோ, கணக்கில்லை. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கிழக்குக் கரையோரத்தில் வெண்ணிறக் கூடாரங்கள் வரிசையாக முளைத்தபோதும், 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் தறப்பாளின் கீழ் அடைபட்டிருந்தபோதும், 2012 செப்டெம்பரில் அந்த மெனிக் பாம் மூடப்பட்டபோதும் எழுதியது இதே சொல்லைத்தான். பணம் கொடுத்து, அனுமதி பெற்று, மகிழ்ச்சியாகக் கூடாரத்தில் போய்ப் படுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் கண்ட செய்தியாகவே நீண்ட காலம் இருந்தது.

மூன்றாவது அர்த்தத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் ரொறன்ரோவில் வசிக்கும் எனது மகள். ஒவ்வொரு கோடையிலும் அல்கோன்குயின் பூங்காவில் மூன்று நாட்களைக் கழிப்பது அவர்களது வழக்கம். 2024 பெப்ரவரியில் விடுமுறைக்கு வருவதற்கு முன்னரே தொலைபேசியில் கூறிவிட்டாள்: “அப்பா, இந்த முறை ஹோர்ட்டன் சமவெளியில் இரண்டு இரவு கூடாரம் அடிக்கப் போகிறோம். நீங்களும் அம்மாவும் வரவேணும். கூடாரம் நாங்கள் கொண்டுவாறம். மெத்தைகளை அங்கேயே வாங்கி வையுங்கோ, விமானத்தில் பாரம் கூடிவிடும்.”

எனது மனைவி அதைக் கேட்டு ஒன்றும் பேசவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்த இலட்சக்கணக்கானவர்களுள் அவரும் ஒருவர். கொழும்பில் பணியிலிருந்த நான் செய்தியாக எழுதியதை அவர் கைக்குழந்தையுடன் நடந்து முடித்தார். அந்தக் கைக்குழந்தைதான் இப்போது கூடாரம் கொண்டுவருபவள். ஒரு பாடசாலையின் சீமெந்துத் தரையில் பாய்கூட இல்லாமல் ஆறு கிழமை படுத்ததைப் பற்றி அவர் அதிகம் சொல்வதில்லை. நிலத்தின் குளிர் எலும்பில் ஏறினால் இறங்காது என்று மட்டும் எப்போதாவது சொல்வார். ஆகவே மெத்தை வாங்கும் பொறுப்பை நான் சற்றுக் கவனமாகவே எடுத்துக்கொண்டேன்.

புறக்கோட்டையில் ஒரு கடையில் முதலில் காட்டியது, மேற்பரப்பில் வெல்வெட் போன்று மெல்லிய மயிர் ஒட்டிய, பீவீசியினால் ஆன இரட்டை மெத்தை. நீளம் ஏறத்தாழ 2 மீற்றர், அகலம் ஒன்றரை மீற்றர், உயரம் 22 சென்ரிமீற்றர். விற்பனையாளரான இளைஞர் அதனைக் கடைக்குள்ளேயே ஊதிக் காட்டினார். படுத்துப் பார்க்கச் சொன்னார். படுத்தேன். சுகமாகத்தான் இருந்தது. கொழும்பில் பெப்ரவரி மாதப் பகல் வேளையில், விசிறிக்குக் கீழே, எந்த மெத்தையும் சுகமாகத்தான் இருக்கும்.

ஹோர்ட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2100 மீற்றருக்கு மேல் அமைந்தது. நாட்டின் இரண்டாவது உயர்ந்த மலையான கிரிகல்பொத்த அதன் எல்லைக்குள் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் தெளிந்த இரவுகளில் வெப்பநிலை 5 பாகைக்கு இறங்குவது புதினமல்ல. விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி படிவதும் உண்டு. அத்தகைய தரையில் படுப்பவனுக்கு மெத்தையின் முதல் வேலை மென்மையல்ல, நிலத்துக்கும் உடலுக்கும் இடையே வேலியாக நிற்பதே. இங்கேதான் காற்று மெத்தையின் விசித்திரம் தொடங்குகிறது.

காற்று நல்ல காவலி என்று பாடசாலையில் படித்திருக்கிறோம். அது அசையாத காற்றுக்குத்தான் பொருந்தும். 22 சென்ரிமீற்றர் உயரமான வெற்றுக் குழிக்குள் அடைக்கப்பட்ட காற்று அசையாமல் இராது. உடல் அசைந்தால் அதுவும் அசைகிறது. ஓரங்களிலும் அடியிலும் குளிர்ந்து, கலங்கி, எமது உடற்சூட்டைக் கொண்டுபோய் நிலத்திடம் கொடுத்துவிடுகிறது. இதனால் ஒன்றரை, இரண்டு சென்ரிமீற்றர் தடிப்புள்ள சாதாரண நுரைப்பாய், அதைவிடப் பத்து மடங்கு உயரமான காற்று மெத்தையைக் காட்டிலும் வெதுவெதுப்பாக இருக்கும். நுரைக்குள் காற்று ஆயிரக்கணக்கான சிறு அறைகளில் சிறைப்பட்டிருப்பதே காரணம்.

இந்தத் தடுக்கும் ஆற்றலை அளக்க ஆர் பெறுமானம் என்றொரு எண் உண்டு. எண் கூடக்கூட நிலத்தின் குளிர் ஏறுவது குறையும். முன்னர் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வசதியான முறையில் அளந்து தனக்குப் பிடித்த எண்ணை அச்சிட்டுக்கொண்டிருந்தது. 2018இல் அமெரிக்காவில் இதற்கென ஒரு பொது அளவீட்டு நியமம் வெளியாகி, அதன் பின்னரே எண்களை ஒன்றுடன் ஒன்று ஒப்பிடக்கூடிய நிலை வந்தது. உள்ளே எதுவுமற்ற வெறும் காற்று மெத்தைக்கு இப்பெறுமானம் ஒன்றை ஒட்டியே இருக்கும். மலையேறுவோர் சுருட்டிக் கொண்டு செல்லும் நுரைப்பாய்க்குச் சுமார் 2. காற்று மெத்தைக்குள்ளேயே பஞ்சிழையோ வெப்பத்தைத் திருப்பியனுப்பும் மெல்லிய தகடோ வைத்துத் தைத்தவற்றுக்கு 3, 4, அதற்கும் மேல். ஹோர்ட்டன் சமவெளி இரவுக்கு 3 போதும் என்பது எனது கணிப்பு. குளிருக்கு அஞ்சுபவர்கள் 4 பார்க்கலாம். இன்னொரு நல்ல செய்தி, இப்பெறுமானங்களைக் கூட்டலாம். ஒன்றின்மேல் ஒன்றை விரித்தால் 1உம் 2உம் சேர்ந்து 3 ஆகிவிடும். ஏழைகளுக்கு ஏற்ற கணக்கு இது.

கடைக்காரத் தம்பியிடம் ஆர் பெறுமானம் எவ்வளவு என்று கேட்டேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இல்லை. கடற்கரையில் குடும்பமொன்று சிரித்துக்கொண்டிருக்கும் படம் மட்டும் பெரிதாக இருந்தது. எண் அச்சிடப்படாத பெட்டிக்குள் இருப்பது கடற்கரைக்கும் விருந்தினர் அறைக்கும் ஆன மெத்தை என்று கொள்வதே விவேகம்.

நுரையையும் காற்றையும் ஒன்று சேர்த்த, தானாகவே காற்றை உறிஞ்சி விரியும் மெத்தை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தது. போயிங் விமான நிறுவனத்தில் வேலை இழந்த பொறியியலாளர்கள் அதன் பின்னணியில் இருந்தனர். விமானம் செய்தவர்கள் பாய் செய்யப் போனார்கள் என்று அக்காலத்தில் நான் தலைப்பிட்டிருப்பேன். வாயிலைத் திறந்துவிட்டால் உள்ளிருக்கும் நுரை விரிந்து காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். கடைசியாக இரண்டு மூச்சு ஊதினால் சரி. ஓட்டை விழுந்தாலும் நுரை மிஞ்சும் என்பதால் முழுமையாகக் கைவிடாது. பாரமும் விலையும் சற்றுக் கூட.

அடுத்தது, நடு இரவில் மெத்தை தொய்ந்துபோகும் விவகாரம். காற்று மெத்தையில் படுத்த எவரும் முறைப்பாடு செய்வது இதைத்தான்; காற்றுப் போகிறது, ஏமாற்றிவிட்டான் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். பெரும்பாலும் அங்கே ஓட்டை எதுவும் இராது. மாலை ஆறு மணிக்கு 17 பாகையில் ஊதிய காற்று, அதிகாலையில் 5 பாகைக்குக் குளிரும்போது ஏறத்தாழ நான்கு வீதம் சுருங்கிவிடுகிறது. நான்கு வீதம் என்ன பெரிய காரியம் என்று கேட்கலாம். மெத்தைக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக் காற்றைவிடச் சில வீதமே கூடுதலானது. அந்தச் சில வீதத்தில்தான் நாம் மிதக்கிறோம். அதில் நான்கு போய்விட்டால் இடுப்பு நிலத்தைத் தொட்டுவிடும். புதிய பீவீசி மெத்தை முதல் ஓரிரு இரவுகளில் சற்று இழுபட்டுக் கொடுப்பதும் உண்டு. எனவே மாலையில் ஊதி வைத்துவிட்டு, படுக்கப் போகும் முன்னர், குளிர் இறங்கிய பின்னர், மீண்டும் ஒரு தடவை காற்றேற்ற வேண்டும். அப்படியும் தொய்ந்தால் சவர்க்கார நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம். யாழ்ப்பாணத்துச் சைக்கிள் கடைகளில் ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமிழ்த்திப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை நான் சொல்லித் தரத் தேவையில்லை.

மின்சாரத்தில் இயங்கும் பம்பு உள்ளேயே பொருத்தப்பட்ட மெத்தைகள் கடையில் கவர்ச்சியாக இருக்கின்றன. காட்டில் மின்செருகி எங்கே இருக்கிறது? காலால் மிதிக்கும் பம்பு போதும். மின்கலத்தில் ஓடுவது இன்னும் நல்லது. வாயால் ஊதுவதைப் பற்றி ஒரு சொல்: 2100 மீற்றர் உயரத்தில், அறுபதைக் கடந்தவர்கள், அதை மருமகன்மாருக்கு விட்டுவிடுவது உத்தமம்.

அளவு பற்றியும் சிந்திக்க வேண்டும். நால்வருக்கான கூடாரம் என்று எழுதியிருந்தால் நால்வரும் பெட்டிக்குள் அடுக்கிய மீன்கள்போல் படுப்பார்கள் என்று பொருள். அதற்குள் ஒன்றரை மீற்றர் அகலமான இரட்டை மெத்தையை விரித்தால் செருப்பு வைக்கவும் இடமிராது. மெத்தை கூடாரச் சுவரை முட்டினால் சுவரில் படியும் பனிநீர் போர்வையை நனைக்கும். அத்துடன் ஒரே அறை கொண்ட இரட்டை மெத்தையில் ஒருவர் புரண்டால் மற்றவர் எழும்புவார். பாரம் கூடியவர் பக்கம் பாரம் குறைந்தவர் உருண்டு செல்வார். நாற்பது ஆண்டு இல்லறத்தில் இல்லாத பிணக்கு இரண்டு இரவில் வந்துவிடும். தனித்தனியாக இரண்டு ஒற்றை மெத்தைகளே நல்லது. முழங்கால் நோ உள்ளவர்களுக்கு மட்டும் உயரமான மெத்தை ஒரு வரம். நிலத்திலிருந்து எழுவதும் கதிரையிலிருந்து எழுவதும் ஒன்றல்ல.

நான் அதிக நேரம் செலவிட்டது வேறொரு விடயத்தில். மகளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவளுக்கு ஒன்பது வயது. இளையவளுக்கு அப்போது எட்டு மாதம். இரட்டை மெத்தையின் நடுவில் சின்னவளைப் படுக்க வைக்கலாம் என்பது அவர்களது திட்டம். நான் கடையில் பார்த்த பெட்டியின் அடியில், எறும்பு போன்ற எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது. 15 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளைக் காற்று மெத்தையில் படுக்க வைக்கக் கூடாது என்பதே அது. அமெரிக்காவின் நுகர்வோர் உற்பத்திப் பாதுகாப்பு ஆணைக்குழுவும் இதையே வற்புறுத்துகிறது. காரணம் எளிது. குப்புறப் புரளும் குழந்தையின் முகம் மென்மையான பரப்பில் புதைந்துவிடலாம். மெத்தைக்கும் சுவருக்கும், மெத்தைக்கும் பெரியவர் உடலுக்கும் நடுவே சரிந்து சிக்கலாம். தன் தலையைத் தூக்கித் திருப்ப அதற்குப் பலமிராது. நள்ளிரவில் தொய்ந்த மெத்தையில் ஆபத்து இன்னும் கூடும். அதே இரவு மகளை அழைத்துப் பேசினேன். கனடாவில் மெத்தை வாங்கியபோது பெட்டியை மருமகன் எறிந்துவிட்டாராம்.

சின்னவளுக்கு 5 பாகைக் குளிரில் கூடாரமும் வேண்டாம் என்று மனைவி ஒரே சொல்லில் முடித்தார். கூடாரத்துக்குள் கரியடுப்பு வைத்துச் சூடேற்றலாமே என்று யோசனை சொன்ன உறவினர் ஒருவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. மூடிய இடத்தில் கரி எரிந்தால் எழும் நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மகளும் சின்னவளும் ஒஹியாவில் ஒரு விடுதியில் தங்குவது, மற்றவர்கள் கூடாரத்துக்குப் போவது என்று முடிவாயிற்று. மனைவியும் விடுதியில்தான் தங்குவார் என்றே நாங்கள் எல்லோரும் எண்ணியிருந்தோம்.

இறுதியில் நான் வாங்கியவை இவை: பொலியூரிதேன் பூசிய நைலோன் துணியாலான, உள்ளே இழை வைத்த ஒற்றை மெத்தைகள் நான்கு, ஆர் பெறுமானம் 3க்குச் சற்று மேல், நுரைப்பாய்கள் இரண்டு, காற் பம்பு ஒன்று. வீட்டு விறாந்தையில் இரண்டு இரவு விரித்துப் படுத்துப் பார்த்தோம். பக்கவாட்டில் படுத்து இடுப்புக்குக் கீழே கையை நுழைத்துப் பார்க்க வேண்டும். கை நசியாமல் போய்வந்தால் காற்று போதும். பலகைபோல் விறைத்திருந்தால் சற்றுத் திறந்துவிட வேண்டும். நிறைய ஊதியது நல்ல மெத்தை என்பது பலரது எண்ணம். தோளும் இடுப்பும் சிறிது அமிழ இடம் கொடுப்பதே முதுகுக்கு இதம்.

பூங்கா வாயிலில் வனசீவராசிகள் திணைக்கள ஊழியர்கள் பைகளைத் திறந்து பொலித்தீன் அனைத்தையும் எடுத்துவிட்டார்கள். மெத்தைகளைச் சுற்றியிருந்த உறைகளும் அதில் போயின. நல்ல காரியம், சாம்பர் மான்கள் அவற்றைத் தின்று மடிவதைப் பற்றி நானும் எழுதியிருக்கிறேன். மாலையானதும் மூத்த பேத்தி, “அம்மம்மா என்ர கூடாரத்திலதான்” என்று பிடிவாதம் பிடித்தாள். ஒஹியாவுக்குத் திரும்பவிருந்த வாகனத்தில் ஏறாமல் மனைவி நின்றுவிட்டார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த புற்பாயை மெத்தையின்மேல் விரித்தார். அதன்மேல் கம்பளியை விரித்தார். பின்னர் மண்டியிட்டு, உள்ளங்கையை மெத்தைக்கு அடியில் நிலத்தில் வைத்துப் பார்த்தார். மேலே வைத்துப் பார்த்தார். “பரவாயில்லை” என்றார்.

அதிகாலை நான்கு மணிக்கு மருமகன் கூடாரத்தில் தொங்கவிட்டிருந்த வெப்பமானி 6 பாகை காட்டியது. எனக்குக் கால் குளிர்ந்தது. மனைவியும் பேத்தியும் நித்திரை.

இந்தப் புற்பாய் உத்தி தாழ்நிலத்திலும் பயன்படும், வேறு காரணத்துக்காக. வில்பத்துவிலோ யாலவிலோ ஆர் பெறுமானத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. வியர்வையில் முதுகு மெத்தையோடு ஒட்டிக்கொள்வதே அங்கு பிரச்சினை. பாயை மேலே விரித்தால் அடியில் சற்றுக் காற்றோடும். திரும்பி வந்ததும் மெத்தைகளை நிழலில் இரண்டு நாள் உலரவிட்டே சுருட்டினேன். கொழும்பின் ஈரத்தில் அப்படியே சுருட்டி வைத்தால் ஒரு மாதத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். வாயிலைத் திறந்தே வைத்திருக்கிறேன்.